மகன் இன்னும் கதைக்கவில்லை, ஐ.வி.எஃப். தான் காரணமா?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தாய் நீளமாக எழுதியிருக்கிறார். முழுவதையும் போட இடமில்லை, சுருக்கம் இதுதான். கலியாணம் முடித்து ஒன்பது வருடம் பிள்ளை இல்லை. கணவருக்கு விந்தணு குறைவு. கொழும்பில் ஒரு தனியார் இடத்தில் இக்சி முறையில் (ஐ.வி.எஃப். என்று உடம்புக்கு வெளியே கரு உண்டாக்குவதில் ஒரு வகை, விந்தணுவை முட்டைக்குள் நேரே செலுத்துவது) கரு உண்டாக்கி, இரண்டு கருவை வைத்திருக்கிறார்கள், இரண்டும் தங்கிவிட்டன. 33 கிழமையில் சிசேரியன். மகள் 1.9 கிலோ, மகன் 1.7 கிலோ. மகன் மட்டும் குறைமாதப் பிள்ளைகள் வார்ட்டில் 16 நாள் இருந்திருக்கிறான். இப்போது இருவருக்கும் 22 மாதம். மகள் "அம்மா தண்ணி", "அப்பா வா" என்று சேர்த்துக் கதைக்கிறாள், மகனிடம் நாலைந்து சொல்தான். நடந்ததும் 16 மாதத்தில்தான். "மெசினில் உண்டாக்கின பிள்ளை அப்படித்தான் இருக்கும்" என்கிறார் மாமி. ஊரில் யாருக்கும் விஷயம் தெரியாது, கிளினிக் மிட்வைஃபுக்குக்கூடச் சொல்லவில்லை. கொழும்பில் இன்னும் இரண்டு கரு உறைநிலையில் இருக்கிறது. இக்சியால்தான் இப்படி ஆனதா, இது ஓட்டிசமா, மிச்சமிருக்கும் கருக்களை விட்டுவிடுவதா என்று கேட்கிறார்.

தங்கச்சி,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். எந்தத் தேதியில் கரு வைத்தார்கள் என்று அதில் இருக்கிறது, எத்தனை ஊசி என்று இருக்கிறது, மாமி சொன்னது நாலு இடத்தில் இருக்கிறது. காது என்ற சொல் மட்டும் ஒரு இடத்திலும் இல்லை.

அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. மகனுக்கு ஒழுங்கான காது சோதனை செய்விக்க வேண்டும். கதவைத் தட்டினால் திரும்புகிறான், மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு ஓடி வருகிறான் என்பதெல்லாம் கணக்கில் சேராது. தடித்த சத்தங்கள் கேட்டு, "ச", "த", "க" போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் மோட்டார் சைக்கிளுக்கும் வருவார்கள், நாய் குரைத்தாலும் திரும்புவார்கள், கதைக்க மட்டும் மாட்டார்கள். உங்கள் மகன் 16 நாள் வார்ட்டில் இருந்திருக்கிறான், மஞ்சள் பிடித்து லைற்றுக்குக் கீழே வைத்தார்கள் என்றும் கிருமிக்கு ஊசி மருந்து ஏற்றினார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஜென்டாமைசின் மாதிரியான மருந்தாக இருந்தால் அது சில பிள்ளைகளின் உள்காதைப் பாதிக்கக் கூடியது. இதனால் காது போய்விட்டது என்று நான் சொல்லவில்லை, பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆனால் குறைமாதத்தில் பிறந்து, வார்ட்டில் இருந்து, கதை சுணங்கும் ஒரு பிள்ளைக்குக் காதைப் பார்க்காமல் வேறு எதையும் யோசிக்கக் கூடாது. பிறந்தபோது ஒருதரம் பார்த்துச் சரி என்று சொல்லியிருந்தாலும் திரும்பப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கேட்கும் திறன் பிறகு குறைவதும் உண்டு, காதுக்குள் நீர் கட்டி நிற்பதும் உண்டு. எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிஸிலோ ஆஸ்பத்திரிப் பிள்ளைகள் கிளினிக்கிலோ கடிதம் வாங்கி ஈ.என்.ரி. (காது, மூக்கு, தொண்டை) கிளினிக்குக்குப் போங்கள். பிள்ளை நித்திரையாக இருக்கும்போது செய்யும் சோதனை ஒன்று இருக்கிறது, அதை எங்கே எப்போது செய்யலாம் என்று அவர்கள் சொல்வார்கள்.

இதில் நான் இவ்வளவு நிற்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பயிற்சி வைத்தியராக இருந்த காலத்தில், எந்த ஊர் எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம், மூன்று வயதுப் பெண் பிள்ளை ஒன்றைக் கூட்டி வந்தார்கள், கதை இல்லை. தாய் மெல்லிய குரலில் "டொக்டர், இவள் டெஸ்ட் டியூப் பிள்ளை" என்றார். மேலே இருந்த பெரியவர் தலையை ஆட்டினார், நான் துண்டில் "ஐ.வி.எஃப். பிள்ளை, வளர்ச்சித் தாமதம்" என்று எழுதினேன். அதோடு எல்லோருக்கும் விளங்கிவிட்டது மாதிரி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு பார்த்த ஒவ்வொருவரும் அந்த வரியை வாசித்துவிட்டுத் தாண்டிப் போனார்கள். ஒன்றரை வருடம் கழித்து யாரோ ஒருவர் காதைப் பார்த்தபோது இரண்டு காதிலும் கேட்கும் திறன் நன்றாகக் குறைந்திருந்தது. ஐ.வி.எஃப். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் செய்யவில்லை, அந்தச் சொல்தான் செய்தது, அதை எழுதிய கை என்னுடையது. ஆகவே உங்கள் மாமி சொல்வது பிழை என்று நான் சொல்லும்போது அவரைக் குறைவாக நினைத்துச் சொல்லவில்லை. வைத்தியர்களும் அதே பிழையைத்தான் விடுகிறோம், கொஞ்சம் படித்த பாஷையில்.

சரி, இக்சிக்கு வருவோம்.

சோதனைக் குழாய்க் குழந்தை என்று பேர் வைத்தவர் ஆய்வுகூடத்துக்குள் போய்ப் பார்த்திருக்க மாட்டார். அங்கே குழாய் ஒன்றும் இல்லை, ஒரு தட்டையான சின்னக் கிண்ணத்தில் சொட்டளவு திரவம், அதற்குள் முட்டை. உங்கள் பிள்ளைகள் அதில் இருந்தது ஐந்து நாள். மிச்சம் 200 நாளுக்கு மேல் உங்கள் வயிற்றில்தான், உங்கள் இரத்தத்தில்தான் வளர்ந்தார்கள். மெசின் என்று மாமி எதைச் சொல்கிறாரோ தெரியாது. முதன்முதலில் இப்படிப் பிறந்த லூயிஸ் பிரவுன் 1978 ஜூலை 25ஆம் திகதி இங்கிலாந்தின் ஓல்ட்ஹாமில் பிறந்தார், இன்று அவரும் ஒரு தாய், அதுவும் எந்தச் சிகிச்சையும் இல்லாமல். இந்தியாவிலும் அதே வருடம் ஒக்டோபரில் கல்கத்தாவில் டொக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் ஒரு பெண் பிள்ளை பிறந்தது. அவர் உயிரோடு இருந்த காலத்தில் அதை யாரும் ஏற்கவில்லை என்பது தனிக் கதை. விந்தணு ஒன்றை எடுத்து முட்டைக்குள் நேரே செலுத்துகிற இக்சி 1992இல் பிரசெல்ஸில் வெற்றி பெற்றது. இன்றைக்கு உலகம் முழுவதும் ஒரு கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகள் இந்த வழிகளில் பிறந்திருக்கிறார்கள். ஆகவே நாங்கள் இருட்டில் தடவவில்லை, பார்க்க நிறையப் பேர் இருக்கிறார்கள், பார்த்தும் இருக்கிறார்கள்.

சுவீடனில் 1982 தொடக்கம் 2007 வரை பிறந்த 25 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள், 2013இல் முடிவு வெளிவந்தது. அதில் கிட்டத்தட்ட 31,000 பேர் ஐ.வி.எஃப். பிள்ளைகள். ஓட்டிசம் மொத்தத்தில் கூடவில்லை. அறிவுத்திறன் குறைபாடு ஒரு துளி கூடியிருந்தது, ஒரு இலட்சம் பேரை ஒரு வருடம் கவனித்தால் மற்றவர்களில் 40, இவர்களில் 46 என்ற மாதிரி. ஒற்றையாகப் பிறந்த பிள்ளைகளை மட்டும் எடுத்துப் பார்த்தபோது அந்த வித்தியாசமும் போய்விட்டது. விதைப்பையிலிருந்து ஊசியால் விந்தணு எடுத்துச் செய்த ஒரு சிறிய குழுவில் ஓட்டிசம் கூடுதலாகத் தெரிந்தது, அதுவும் ஒற்றைப் பிள்ளைகளில் நிற்கவில்லை. உங்கள் கணவருக்கு அப்படி எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், எனவே அந்தப் பக்கமே நீங்கள் போகத் தேவையில்லை.

இன்னும் உங்களுக்கு நெருக்கமானது ஒன்று இருக்கிறது. அதே சுவீடனில் 2002இல் வந்த ஆய்வு, ஐ.வி.எஃப். இரட்டையர்களைத் தானாக உண்டான இரட்டையர்களோடு வைத்துப் பார்த்தது. நரம்பு சார்ந்த பாதிப்புகளில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. அதாவது, பக்கத்து வீட்டில் சிகிச்சை ஒன்றும் இல்லாமல் இரட்டைப் பிள்ளைகள் 33 கிழமையில் பிறந்திருந்தால் அவர்களைப் பற்றி நான் எவ்வளவு கவனமாக இருப்பேனோ அதே கவனம்தான் உங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டும், அதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்தில் மூன்று வயது வரை பெற்றோரே நிரப்பும் கேள்வித்தாளை வைத்து ஆயிரக்கணக்கான பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள், அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவில் பள்ளிக்கூடம் சேர்கிற வயதிலும் மூன்றாம் வகுப்பிலும் பார்த்தார்கள், இரண்டிலும் ஐ.வி.எஃப். பிள்ளைகள் பின்னுக்கு நிற்கவில்லை.

எல்லாம் பூச்சியம் என்று சொல்லி உங்களை அனுப்பிவிடவும் மாட்டேன், அது நேர்மை இல்லை. பிறவிக் குறைபாடுகள் கொஞ்சம் கூடத்தான் இருக்கின்றன. தென் அவுஸ்திரேலியாவில் 2012இல் வெளியான கணக்கில் சிகிச்சையால் உண்டான பிள்ளைகளில் 8.3 வீதம், மற்றவர்களில் 5.8 வீதம். தாயின் வயது போன்ற காரணங்களைக் கழித்துப் பார்த்தபோது சாதாரண ஐ.வி.எஃபில் அந்த வித்தியாசம் நிற்கவில்லை, இக்சியில் நின்றது. அது இக்சியின் வேலையா, இக்சி தேவைப்படும் அளவுக்கு இருந்த தகப்பனின் பிரச்சினையின் வேலையா என்று பிரிப்பது கஷ்டம். ஆனால் இவை பெரும்பாலும் இதயம், சிறுநீர்ப்பாதை, உறுப்பு அமைப்பு போன்ற விஷயங்கள். மகனின் இதயத்தை எக்கோவில் பார்த்துச் சரி என்று சொன்னதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாராவது சொல்லிக் கேட்டால் பயந்துவிடுவீர்கள்: விந்தணு குறைவான தகப்பனுக்கு இக்சியில் பிறந்த மகன்களுக்கும் வளர்ந்த பிறகு விந்தணு எண்ணிக்கை குறைவாக இருக்கலாம். பிரசெல்ஸில் முதல் தலைமுறை இக்சி ஆண்பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களானபோது பார்த்தார்கள், அப்படித்தான் இருந்தது. அது இருபது வருடம் கழித்து அவன் தெரிந்து வைத்திருக்க வேண்டிய ஒரு தகவல், இன்று அவன் கதைக்காததற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அப்போ ஏன் சுணங்குகிறான்? எவ்வளவு சுணங்குகிறான் என்று முதலில் சரியாகக் கணக்குப் பார்ப்போம். அவன் 40 கிழமையில் பிறந்திருக்க வேண்டியவன், 33இல் வந்துவிட்டான், ஏழு கிழமை முந்தி. இரண்டு வயது வரைக்கும் வளர்ச்சியைப் பார்க்கும்போது அந்த ஏழு கிழமையைக் கழிக்க வேண்டும். 22 மாதம் என்பது 20 மாதமும் கொஞ்ச நாளும் ஆகிறது. 16 மாதத்தில் நடந்தது 14 மாதத்துக் கணக்கு, அது சுணக்கமே இல்லை, உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பதினேழரை மாதம் வரைக்கும் தனியாக நடக்கத் தொடங்கலாம். (இதில் உங்களுக்கு மற்றத் தாய்மாரை விட ஒரு வசதி. மற்றவர்கள் கடைசி மாதவிடாய்த் திகதியை ஞாபகத்தில் தேடி எடுக்க வேண்டும், ஒரு கிழமை முன்பின்னாகும். உங்களுக்கு ஐந்தாம் நாள் கருவை வைத்த திகதியே கையில் இருக்கிறது, அதிலிருந்து 261ஆம் நாள் பிரசவத் திகதி. கிளினிக் கொப்பியில் அதைக் குறித்துத் தரச் சொல்லுங்கள்.) பிள்ளைக் கிளினிக்கில் இந்தக் கழித்தலை யாரும் செய்யவில்லை என்று நினைக்கிறேன். நீங்கள் மிட்வைஃபுக்கு ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கியே நின்றால் அவர் எப்படிச் செய்வார்?

கழித்த பிறகும் நாலைந்து சொல் என்பது கொஞ்சம் குறைவுதான், மறைக்கவில்லை. ஆனால் இரட்டையர்கள் பொதுவாகவே கதையில் இரண்டு மூன்று மாதம் பின்னுக்கு நிற்பார்கள், எப்படி உண்டானார்கள் என்பது அதில் வராது. காரணம் மூளையில் இல்லை, வீட்டில். ஒரு தாய் இரண்டு பிள்ளையோடு இருக்கும்போது ஒவ்வொருவரின் முகத்தைப் பார்த்துத் தனியாகக் கதைக்கிற நேரம் பாதியாகிவிடுகிறது. அதோடு ஆண்பிள்ளைகள் சராசரியில் கொஞ்சம் பிந்தித்தான் கதைப்பார்கள். உங்கள் வீட்டில் இன்னொன்றும் நடக்கிறது, நீங்கள் அதைப் பெருமையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள்: "தம்பிக்கு என்ன வேண்டும் என்று மகளே சொல்லிவிடுவாள்." அவன் கையை நீட்டுகிறான், அக்கா "தம்பி பிஸ்கட்" என்கிறாள், பிஸ்கட் வந்துவிடுகிறது. அவன் ஏன் வாயைத் திறக்க வேண்டும்? எனக்கு அப்படி ஒரு செயலாளர் இருந்தால் நானும் திறக்க மாட்டேன்.

ஓட்டிசத்தைப் பற்றி. சொல்லின் எண்ணிக்கையை விட நான் வேறு சிலதைத்தான் பார்ப்பேன். வானத்தில் விமானம் போனால், கோயில் வீதியில் மாடு நின்றால், அதை விரலால் சுட்டிக் காட்டிவிட்டு நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா? வேண்டும் என்பதற்காகச் சுட்டுவது வேறு, காட்டுவதற்காகச் சுட்டுவது வேறு, இரண்டாவதுதான் முக்கியம். பேரைச் சொன்னால் திரும்புகிறானா, டாட்டா காட்டுகிறானா, வெறும் கோப்பையை எடுத்துக் குடிப்பது மாதிரி நடிக்கிறானா, நீங்கள் ஒளிந்தால் தேடுகிறானா? "கடற்கரைக்குப் போனால் சங்கு பொறுக்கி ஓடி வந்து என் கையில் வைத்துச் சிரிப்பான்" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், அந்த ஒரு வரி எனக்குப் பெரிய நிம்மதி. ஆனாலும் கடிதத்தை வைத்து நான் முடிவு சொல்ல மாட்டேன். 16 மாதத்துக்கும் 30 மாதத்துக்கும் இடையில் பெற்றோரிடம் கேட்கிற 20 கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது, எம்-சாட் என்று பேர், பத்து நிமிஷ வேலை, பிள்ளைகள் கிளினிக்கில் கேட்டுச் செய்வியுங்கள். அதில் கூடுதலாக வந்தால் ஓட்டிசம் என்று அர்த்தமில்லை, இன்னும் விபரமாகப் பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: சொல்லிக்கொண்டிருந்த சொல்லை விட்டுவிட்டால், செய்துகொண்டிருந்ததைச் செய்யாமல் போனால், அன்றைக்கே வாருங்கள், அடுத்த கிளினிக் திகதியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

"இரண்டு வயதுக்குப் பிறகு தானாக வரும், அவனுடைய அப்பாவும் மூன்று வயதில்தான் கதைத்தான்" என்பது எல்லா வீட்டிலும் இருக்கிற வசனம். வரலாம். ஆனால் பொறுத்துப் பார்ப்பதற்கும் பார்க்காமல் இருப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. காது சோதனையும் பேச்சுப் பயிற்சியாளரைப் பார்ப்பதும் பிள்ளைக்கு ஒரு கெடுதலும் செய்யாது, போனதால் நட்டப்பட்ட பிள்ளையை நான் பார்த்ததில்லை.

வீட்டில் செய்யக் கூடியது. ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் மகனை மட்டும் தனியாக எடுங்கள், மகளை அப்பம்மாவிடமோ அப்பாவிடமோ விடுங்கள். அந்த நேரத்தில் படம் போட்ட புத்தகமோ சட்டி பானையோ எதுவானாலும் சரி, அவன் என்ன பார்க்கிறானோ அதைச் சின்னச் சொல்லில் சொல்லுங்கள், "மீன்", "பெரிய மீன்", "மீன் போகுது", சொல்லிவிட்டுப் பத்து எண்ணும் வரைக்கும் சும்மா இருங்கள். இந்தச் சும்மா இருப்பதுதான் தாய்மாருக்கு முடியாத காரியம். போன் பற்றி நீங்கள் எழுதவில்லை, எழுதாததால்தான் கேட்கிறேன். இரட்டைப் பிள்ளைக்குச் சோறு தீத்தும்போது போனைக் கொடுக்காத வீடு திருகோணமலையில் எத்தனை இருக்கிறது என்று எனக்குத் தெரியும், குற்றம் சொல்ல வரவில்லை. ஆனால் போனில் வருகிற பாட்டு அவனுக்குப் பதில் சொல்வதில்லை, அவன் சொல்வதற்குக் காத்திருப்பதும் இல்லை. முழுதாக நிறுத்த முடியாவிட்டால் சாப்பாட்டு நேரத்தில் மட்டுமாவது நிறுத்துங்கள்.

பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடுவதால் குழம்பிப்போகிறான், அங்கே அனுப்பாதே என்று உங்கள் அண்ணன் சொன்னாராம். அனுப்புங்கள். இரண்டு பாஷை கேட்பதால் எந்தப் பிள்ளையும் ஊமையாவதில்லை, அப்படி இருந்தால் இந்த ஊரில் பாதிப் பேர் கதைக்க மாட்டோம். தண்ணிக்குச் சிங்களத்தில் "வதுர" என்று சொன்னாலும் அது ஒரு சொல்தான், கணக்கில் சேருங்கள்.

சாப்பாட்டில் ஒன்று. குறைமாதப் பிள்ளைகள் தாயிடமிருந்து இரும்புச்சத்தை முழுதாகச் சேர்த்துக்கொள்வதற்கு முன்னாலேயே பிறந்துவிடுகிறார்கள், இரட்டையென்றால் இருந்ததையும் பங்கு போட்டிருப்பார்கள். இரும்புச்சத்துக் குறைவு மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. ஒருதரம் இரத்தம் பார்த்துவிடுங்கள். காலையில் ரொட்டியைத் தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதை நிறுத்துங்கள், தேயிலை இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. சூடை மீன், ஈரல், பருப்பு, கீரை, கூடவே ஒரு துண்டு தோடம்பழம், அது போதும்.

இனி அந்த இரண்டு கரு. விட்டுவிடவா என்று கேட்கிறீர்கள், அது நீங்களும் கணவரும் முடிவெடுக்க வேண்டியது, நான் இல்லை. ஆனால் மகன் இப்படி இருப்பதால் விட்டுவிட வேண்டும் என்று நினைத்தால் அந்தக் காரணம் பிழை. மேலே சொன்னதையெல்லாம் சேர்த்துப் பாருங்கள், பிள்ளைகளுக்கு வருகிற கஷ்டத்தில் பெரிய பங்கு இக்சியால் வரவில்லை, இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்ததாலும் முந்தி வந்ததாலும் வந்தது. "காசு செலவழித்துப் போகிறோம், இரண்டையும் வைத்தால் ஒன்றாவது தங்கும், இரண்டும் தங்கினால் ஒரே செலவில் முடியும்" என்று யோசிக்கிற குடும்பங்களை எனக்கு விளங்குகிறது, திருகோணமலையிலிருந்து இரவு ரெயிலில் கொழும்புக்குப் போய், லொட்ஜில் தங்கி, வேலைக்கு லீவு போட்டு, நகையை அடகு வைத்துச் செய்கிறவர்கள் வேறு எப்படி யோசிப்பார்கள்? ஆனால் அடுத்த முறை போனால் ஒரு கருவை மட்டும் வையுங்கள் என்று எழுத்திலேயே சொல்லுங்கள். மற்றது உறைநிலையில் இருக்கட்டும், அதற்கு வயதேறாது, உங்கள் 33 வயதில் எடுத்த முட்டை உங்களுக்கு 37 ஆனாலும் 33 வயது முட்டைதான். ஆகையால் அவசரமும் இல்லை. சிசேரியன் காயத்துக்கும் உங்கள் உடம்புக்கும் ஒரு பிரசவத்திலிருந்து அடுத்த கர்ப்பத்துக்கு இரண்டு வருடமாவது இடைவெளி வேண்டும்.

உறைந்த கருவில் பிறக்கும் பிள்ளைகள் எடை குறைவாகப் பிறப்பது குறைவு, சில வேளை கொஞ்சம் பெரிதாகவே பிறப்பார்கள். தாய்க்குக் கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறுகிற வாய்ப்பு மட்டும் கூட. மருந்து மாத்திரையால் கருப்பையைத் தயார்படுத்தாமல், உங்களுக்குத் தானாக முட்டை வெளிவருகிற மாதத்தில் கருவை வைத்தால் அந்த ஆபத்துக் குறைவதாகத் தெரிகிறது. மாதவிடாய் ஒழுங்காக வருகிறது என்றால் அப்படிச் செய்யலாமா என்று கொழும்பில் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள், காசு கட்டுகிறவர் நீங்கள்.

மிட்வைஃபுக்குச் சொல்லுங்கள். ஊருக்குச் சொல்ல வேண்டாம், பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் நின்று அறிவிக்க வேண்டாம், ஆனால் பிள்ளையைப் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சொல்லும்போது "இக்சி, ஐந்தாம் நாள் கரு, இரட்டை, 33 கிழமை, 1.7 கிலோ, வார்ட்டில் 16 நாள்" என்று எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள், இக்சியை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் என்ன நடக்கும் என்று மேலே எழுதியிருக்கிறேன். கொழும்பு டிஸ்சார்ஜ் காட்டையும் கொண்டு போங்கள், அதில் அந்த ஊசி மருந்தின் பேர் இருக்கும்.

பிள்ளைகளுக்கும் ஒருநாள் சொல்லத்தான் வேண்டும். பதினைந்து வயதில் உட்கார வைத்துச் சொல்கிற விஷயமாக அதை வளர விடாதீர்கள். நாலு வயதில், நித்திரைக்கு முன் சொல்லும் கதையாக, "அம்மாவும் அப்பாவும் உங்களுக்காகக் கன நாள் காத்திருந்தோம், ஒரு டொக்டர் உதவி செய்தார், ரெயிலில் போய் உங்களைக் கூட்டி வந்தோம்" என்று சொன்னால் போதும். அந்த ரெயிலைத்தான் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

மாமியிடம் வாதாட வேண்டாம். அடுத்த கிளினிக்குக்கு அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஒன்பது வருடமாக நேர்த்தி வைத்தவர் அவர், உங்களுக்காகவும்தான் வைத்தார், இப்போது பேரனைப் பார்த்துப் பயந்துபோயிருக்கிறார், அந்தப் பயம் வாயில் வேறு மாதிரி வருகிறது. காது சோதனைக்குப் பிள்ளையை நித்திரையாக்க ஒரு ஆள் வேண்டும், அந்த வேலையை அவரிடம் கொடுங்கள்.

கடைசியாக, கடிதத்தின் கீழே "இரவு 1.30" என்று போட்டிருக்கிறீர்கள். பிள்ளைகள் நித்திரையான பிறகும் உங்களுக்கு நித்திரை வரவில்லை, சாப்பிட மனமில்லை, "நான் ஆசைப்பட்டதால்தான் இவனுக்கு இப்படி" என்று எழுதியிருக்கிறீர்கள். இரட்டைப் பிள்ளைகளின் தாய்மாருக்கும், நீண்ட சிகிச்சைக்குப் பிறகு தாயானவர்களுக்கும் மனச்சோர்வு வருவது அதிசயமில்லை. கஷ்டப்பட்டுக் கிடைத்த பிள்ளை என்பதால் அலுப்பாக இருக்கிறது என்று சொல்லக்கூட உரிமை இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டு கிழமைக்கு மேல் இப்படியே இருக்கிறது என்றால் அது வெறும் களைப்பு இல்லை, எம்.ஓ.எச். டொக்டரிடம் அதையும் சொல்லுங்கள், ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்து தேவையா கதைத்தால் போதுமா என்று அவர்கள் பார்ப்பார்கள்.

காது ரிப்போட் வந்ததும் எழுதுங்கள். நேரே வருவதாக இருந்தால் இரண்டு பேரையும் கொண்டு வாருங்கள், ஆனால் மகளை வெளியே அப்பாவோடு வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அவனோடு கொஞ்சம் தனியாகக் கதைக்க வேண்டும்.